வண்ண இலைக்கு வாழ ஓர் இடம்

இல்லமும் பசுமையும்



பூவை எதிர்பாராமல் இலையைக் கொண்டே வீட்டுக்கு அழகு சேர்க்கும் செடிகளுள் கோலியஸ் முன்வரிசையில் நிற்பதாகும். கருஞ்சிவப்பு, ஊதா, இளமஞ்சள், இளஞ்சிவப்பு, கரும்பச்சை எனப் பல நிறங்கள் ஒரே இலையில் கோலமிட்டாற்போல் அமைந்திருக்கும். நாற்றுப் பண்ணைகளில் மலிவாகக் கிடைக்கும். வண்ண இலைகள் அனைத்தையும் 'குரோட்டன்ஸ்' என்றே சொல்லிப் பழகியவர்கள் இதனையும் அப்பெயராலேயே கேட்டு வாங்குவர். உண்மையில் குரோட்டன்ஸ் கெட்டியான தண்டும் தடித்த இலையும் உடைய புதர்ச்செடி. கோலியஸோ நகத்தால் கிள்ளத்தக்க மென்தண்டுடையது. இரண்டுக்கும் குலமும் வேறு, வளர்ப்பு முறையும் வேறு.

வாங்கிய நாளில் கண்ணைக் கவர்ந்த இச்செடி, வீட்டினுள் வைத்த ஒரு மாதத்திற்குள் நிறம் மங்கி, தண்டு நீண்டு, கீழிலைகள் உதிர்ந்து நிற்பதைப் பல இல்லங்களில் காணலாம். "எனக்குச் செடி வளர்க்கும் கைராசி இல்லை" என்று சொல்லி அதனைக் குப்பையில் சேர்த்து விடுவோரும் உண்டு. கையின் ராசிக்கும் இதற்கும் தொடர்பு ஏதுமில்லை. செடிக்கு வேண்டியவை எவை, நம் வீட்டில் அவை எங்கே கிடைக்கும் என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்தால் போதும். இம்மாதம் அவ்விரண்டையும் ஆராய்வோம்.

குலமும் பெயரும்

கோலியஸ் தண்டை விரல்களுக்கிடையே உருட்டிப் பாருங்கள். அது உருளாது, நான்கு பட்டையாக இருக்கும். துளசி, புதினா, திருநீற்றுப்பச்சை ஆகியவற்றின் தண்டும் இப்படித்தான் அமைந்திருக்கும். இவை அனைத்தும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. திருக்குர்ஆனில் அர்ரஹ்மான் அத்தியாயத்தில் நறுமணத் தாவரங்களைச் சுட்டும் 'ரைஹான்' என்ற சொல்லை அறிவீர்கள். இன்று அரபு நாடுகள் பலவற்றில் ரைஹான் என வழங்கும் செடி, நம் திருநீற்றுப்பச்சையின் இனமேயாகும். ஆக, நம் சன்னலோரக் கோலியஸ் ரைஹானின் ஒன்றுவிட்ட சகோதரி எனலாம்.

ஐரோப்பியத் தாவரவியலில் இச்செடிக்கு 1763-இல் முதன்முதல் பெயர் சூட்டிய லின்னேயஸும் இதனைத் துளசி இனத்திலேயே சேர்த்தார். அதே 1763-இல் அவருடைய மாணவர் பீட்டர் ஃபோர்ஸ்கால், அரபு நாட்டுத் தாவரங்களை ஆராயச் சென்ற டென்மார்க் குழுவில் இருந்தபோது யமன் நாட்டில் நோயுற்று மாண்டார். அவர் சேகரித்த குறிப்புகள் 1775-இல் நூலாக வெளிவந்தன. தாவரங்களுக்கு அரபு மக்கள் வழங்கிய பெயர்களையும் அவர் கேட்டுப் பதிந்து வைத்திருந்தார். பின்னாளில் கோலியஸ் இனச் செடியொன்றுக்கு அவர் பெயரே இடப்பட்டது. மருந்துக் கூர்க்கன் என்று தமிழகத்தில் பயிரிடப்படும் செடி அதுவே. அதன் கிழங்கிலிருந்து எடுக்கப்படும் 'ஃபோர்ஸ்கோலின்' என்னும் பொருளின் பெயரிலும் அந்த மாணவர் நினைக்கப்படுகிறார்.

கோலியஸ் என்ற பெயரை 1790-இல் வழங்கியவர், வியட்நாமில் நெடுங்காலம் வாழ்ந்த போர்ச்சுகீசியப் பாதிரியார் லூரேரோ. உறை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அது பிறந்தது. பூவின் மகரந்தத் தாள்கள் அடியில் ஒன்றுசேர்ந்து உறைபோல் இருப்பதால் அப்பெயர் பெற்றது. இடையில் அறிஞர்கள் பெயரைப் பலமுறை மாற்றினர். 2019-இல் வெளிவந்த ஆய்வுக்குப் பின் மீண்டும் கோலியஸ் என்ற பெயரே நிலைபெற்றது. வெப்பமண்டல ஆசியாவே இச்செடியின் தாயகம். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜாவாவிலிருந்து ஹாலந்து வழியாக இங்கிலாந்து சென்று, அங்கே கலப்பினங்களாகப் பெருகி, நூற்றுக்கணக்கான நிறங்களுடன் உலகை வலம் வந்தது.

நெல்லைச் சீமையினராகிய நமக்கோ இக்குலம் புதியதன்று. தை மாதம் பாளையங்கோட்டைச் சந்தையிலும் தென்காசிச் சந்தையிலும் மண் ஒட்டிய நிலையில் குவிந்து கிடக்கும் சிறுகிழங்கு கோலியஸ் இனத்தைச் சேர்ந்தது. சாக்கில் இட்டுத் தேய்த்துத் தோலுரித்து நாம் பொரியலும் குழம்பும் செய்கிறோமே, அதுவேதான். இலங்கையில் அதனை இன்னலக் கிழங்கு என்பர். மலையாள நாட்டில் கூர்க்கா என்பர். பிள்ளைக்குச் சளி பிடித்தால் உம்மாமார் பறித்து வாட்டிச் சாறு பிழியும் ஓமவல்லியும், அதாவது கற்பூரவல்லியும், கோலியஸ் இனமே. ஒன்று அடுக்களைக்கு, ஒன்று மருந்துக்கு, மற்றொன்று கண்ணுக்கு என மூன்று உறவினர் நம் வளவுகளில் நெடுங்காலமாகக் குடியிருந்து வருகின்றனர்.

வெளிச்சமே முதல் உணவு

தாமிரபரணிக் கரையின் பழைய வீடுகள் நீளவாக்கில் அமைந்தவை. தெருவை ஒட்டித் திண்ணை, அடுத்துத் தார்சா, அதன் பின் பட்டாசல், பிறகு அடுக்களை, புறவாசல் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும். மேலப்பாளையம், பேட்டை போன்ற நெருக்கமான குடியிருப்புகளில் இருபுறமும் சுவரோடு சுவர் ஒட்டியிருப்பதால் பக்கச் சன்னல் அரிது. பட்டாசலில் பகலிலும் விளக்கு எரிய வேண்டியிருக்கும். நமக்கு அது குளுமையான நடுவிடம். செடிக்கோ அது பட்டினிக் கூடம். இலை தன் உணவைத் தானே சமைப்பது வெளிச்சத்தைக் கொண்டுதான். வெளிச்சம் குறைந்தால் செடி இருப்பதைத் தின்று, வெளிச்சம் வரும் திசைநோக்கித் தண்டை நீட்டி நீட்டிக் களைத்துப் போகும்.

வெளிச்சத்தை அளக்க இரண்டு எளிய வழிகள் உள. விளக்கேற்றாமல் குர்ஆன் ஓத இயலும் இடம் எதுவோ அங்கே கோலியஸ் உயிரோடு இருக்கும். ஆயினும் நிறம் குன்றும். பகல் பத்து மணியளவில் வெள்ளைத் தாளுக்கு ஒரு சாண் உயரத்தில் கையை நீட்டினால் ஓரம் தெளிந்த நிழல் எங்கே விழுகிறதோ அங்கே அது நிறத்தோடு வாழும். நிழலே விழாத மூலையில் வைப்பது, அழகுக்காக ஓர் உயிரை மெல்ல மெல்ல வாட்டுவதற்கு ஒப்பாகும்.

இலையின் நிறத்துக்குக் காரணம் தெரிந்தால் இது விளங்கும். பச்சை நிறத்தைத் தருவது பச்சையம். சிவப்பையும் ஊதாவையும் தருவது அந்தோசயனின் என்னும் சாயப்பொருள். நல்ல வெளிச்சத்தில் பல ரகங்கள் இச்சாயத்தை மிகுதியாக ஆக்கிக் கொள்ளும். இருட்டில் அது குறைந்து, இலை கலங்கிய பச்சையாகி விடும். உச்சி வெயில் நேராகப் பட்டாலோ நிறம் வெளுத்து ஓரம் கருகும். எனவே காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம், பின்னர் நாள் முழுதும் வெயில் படாத நல்வெளிச்சம் என்பதே இதற்கு ஏற்ற அளவு.

சன்னலைத் தேர்ந்தெடுக்கத் திசைகாட்டி தேவையில்லை. நம் ஊரில் கிப்லா சற்றே வடக்குச் சாய்ந்த மேற்கு. நீங்கள் தொழ நிற்கையில் முதுகுப் புறம் இருக்கும் சன்னல் கிழக்குச் சன்னல். கோலியஸுக்கு அதுவே சிறந்த இடம். முகத்துக்கு நேரே உள்ள மேற்குச் சன்னலில் பிற்பகல் வெயில் சுடும்; மெல்லிய திரைச்சீலை வேண்டும். வலப்புறம் வடக்கு, இடப்புறம் தெற்கு. இவற்றில் ஒரு நுட்பம் உண்டு. திருநெல்வேலி நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் இருப்பதால், சித்திரை தொடங்கி ஆவணி நடுப்பகுதி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். ஏனைய மாதங்களில் தெற்கே நிற்கும். ஆதலின் கோடையில் வடக்குச் சன்னலும், மார்கழி, தை மாதங்களில் தெற்குச் சன்னலும் வெளிச்சம் மிகுந்தவை. பருவம் மாறுகையில் தொட்டியையும் இடம் மாற்ற வேண்டும்.

நல்ல சன்னலே இல்லாத வீட்டார் மனந்தளர வேண்டியதில்லை. இரண்டு தொட்டி வைத்துக் கொள்ளுங்கள். ஒன்று ஒரு வாரம் பட்டாசலில் இருக்கட்டும். மற்றொன்று அவ்வாரம் முற்றத்திலோ தட்டோடிப் படிக்கட்டின் நிழலிலோ இளைப்பாறட்டும். அடுத்த வாரம் இடம் மாற்றுங்கள். அல்லது 20 வாட் வெள்ளை எல்.இ.டி. குழல்விளக்கின் கீழ் ஓரடி இடைவெளியில் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வைக்கலாம். இதற்கு மாதம் ஏழு யூனிட் அளவு மின்சாரம் செலவாகும். எப்படியாயினும் எரியும் விளக்கு என்றால் அதன் கீழ் வைப்பதில் செலவு இல்லை. செடிக்கென்றே எரிப்பதாயின், முறை மாற்றி வைப்பதே சிக்கனம்.

தண்ணீர்: குறைவும் மிகுதியும்

கோலியஸ் தாகத்தை வாய்விட்டுச் சொல்லும் செடி. நீர் குறைந்தால் இலைகள் அனைத்தும் குடை மடங்கினாற்போல் தொங்கி விடும். நீர் வார்த்த ஓரிரு மணி நேரத்தில் நிமிர்ந்து விடும். இதனைக் கண்டு பழகியவர்கள் தொங்கினால் தண்ணீர் என்ற ஒரே விதியை வைத்துக் கொள்வர். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. மிகுதியாக நீர் தேங்கி வேர் அழுகினாலும் இலை அப்படியே தொங்கும். அப்போது மேலும் நீர் வார்த்தால் செடி பிழைக்காது. எனவே முதலில் மண்ணில் விரலை ஓர் அங்குல ஆழம் நுழைத்துப் பாருங்கள். உலர்ந்திருந்தால் அடித்துளை வழியே சற்று வழியும் வரை வாருங்கள். ஈரமிருந்தால் கையை எடுத்து விடுங்கள். தட்டில் வடிந்த நீரை உடனே கொட்டி விட வேண்டும்.

ஒளுச் செய்த நீரைச் செடிக்கு வார்ப்பது நல்ல வழக்கமாகும். சோப்பு கலவாத அந்நீர் செடிக்குத் தீங்கு செய்யாது. நபி (ஸல்) அவர்கள் இரு கை நிறைய அள்ளும் அளவான ஒரு 'முத்து' நீரில் ஒளுச் செய்ததாக அனஸ் (ரலி) அறிவிக்கும் செய்தி ஸஹீஹான தொகுப்புகளில் உள்ளது. குழாயைத் திறந்து விட்டு ஒளுச் செய்யும் நாம் எவ்வளவு நீரை ஓட விடுகிறோம் என்பது, ஒரு வாளியை அடியில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அந்த வாளி நீர் நான்கு செடிகளுக்குப் போதும்.

அரிசி கழுவிய நீரை வீட்டினுள் இருக்கும் தொட்டிக்கு நாள்தோறும் வார்க்கலாகாது. மேல்மண் புளித்து வாடை வீசும். சிறு ஈக்கள் மொய்க்கும். பதினைந்து நாளுக்கொரு முறை, இரு மடங்கு நல்ல நீர் சேர்த்து வார்த்தால் போதும். ஆழ்குழாய் நீர் உப்பாக இருக்கும் ஊர்களில் இலை ஓரம் பழுப்பேறிக் கருகும். அங்கெல்லாம் ஆற்றுக் குடிநீரிலோ மழைநீரிலோ ஒரு பங்கை இதற்கு ஒதுக்குங்கள்.

மண்ணும் தொட்டியும்

செம்மண் ஒரு பங்கு, நன்கு மட்கிய தொழு உரம் ஒரு பங்கு, கழுவி உப்பு நீக்கிய தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு எனக் கலந்து கொள்ளுங்கள். ஆற்று மணல் வேண்டியதில்லை. தாமிரபரணியின் மணல் ஆற்றுக்கே சொந்தம். நெல் விளையும் நம் பள்ளத்தாக்கில் உமிக்குப் பஞ்சமில்லை. கருக்கிய உமியை ஒரு கைப்பிடி சேர்த்தால் நீர் வடிய வழி கிடைக்கும். காருகுறிச்சி மண்தொட்டி போன்ற சுடுமண் தொட்டியில் பக்கச் சுவர் வழியாகவும் ஈரம் வெளியேறுவதால் வேர் அழுகுவது குறைவு. பிளாஸ்டிக் தொட்டியாயின் நீரைக் குறைத்து வார்க்க வேண்டும். ஐந்தாறு அங்குல வாயுள்ள தொட்டி ஒரு செடிக்குப் போதும். சிறு செடியைப் பெருந்தொட்டியில் வைத்தால் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்து புளிக்கும்.

உரத்தில் தாராளம் காட்டாதீர்கள். மாதம் ஒரு முறை ஒரு கரண்டி மண்புழு உரம் போதும். தழைச்சத்து மிகுந்தால் செடி கொழுத்து வளரும். ஆனால் பச்சை ஓங்கி வண்ணம் மங்கும்.

கிள்ளக் கிள்ளத் தழைக்கும்

செடி நான்கைந்து கணு வளர்ந்ததும் நுனிக் கொழுந்தைக் கிள்ளி விட வேண்டும். மனம் வராதுதான். ஆனால் நுனி இருக்கும் வரை பக்க மொட்டுகள் உறங்கிக் கிடக்கும். நுனியை எடுத்ததும் கீழ்க்கணுக்களில் இரண்டிரண்டாகக் கிளை புறப்படும். அவற்றையும் மூன்று நான்கு கணு வளர்ந்தபின் கிள்ளுங்கள். இரண்டு மாதத்தில் ஒற்றைக் குச்சி, குடை விரித்த புதராகும்.

நீலநிறப் பூங்கதிர் தலைகாட்டினால் அதனையும் கிள்ளி விடுங்கள். பூத்து விதைக்கத் தொடங்கினால் செடி தன் வலிமையையெல்லாம் அதற்கே செலவிட்டு இலையைச் சிறுக்கச் செய்யும். விதையிலிருந்து முளைக்கும் கன்றுக்குத் தாயின் நிறம் அப்படியே வருமென்ற உறுதியும் இல்லை. கிளையிலிருந்து எடுத்த துண்டுக்கே பெரும்பாலும் அந்த உறுதி உண்டு. சில வேளை ஒரே செடியில் ஒரு கிளை மட்டும் வேறு நிறம் காட்டும். விருப்பமாயின் அதனைத் தனியே நட்டுப் புதுச் செடியாக்கலாம்.

ஒரு குவளைத் தண்ணீரும் அண்டை வீட்டின் உரிமையும்

கிள்ளிய கொழுந்தை எறிய வேண்டாம். நான்கு அங்குல நீளத் துண்டைக் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, அடியிலைகளை நீக்கி, தண்ணீரில் நிறுத்தினால் ஒன்றிரண்டு வாரத்தில் வெண்வேர் இறங்கும். வேர் ஓர் அங்குலம் நீண்டதும் மண்ணில் நடலாம். கண்ணாடிக் குவளையில் வேர் இறங்குவதைக் காணப் பிள்ளைகள் ஆவல் கொள்வர். அழகுக்காகவே மாதக்கணக்கில் நீரிலேயே விட்டு வைக்கும் வழக்கமும் பரவி வருகிறது.

இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும், சகோதரிகளே. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் முட்டையிடுவதில்லை. வீட்டைச் சுற்றியும் வீட்டினுள்ளும் தேங்கிய தெளிந்த நீரே அதற்குத் தொட்டில். 2012-இல் நெல்லை மாவட்டத்தை டெங்கு உலுக்கியதையும், அன்று இம்மாவட்டத்தில் இருந்த கடையநல்லூர் (2019 முதல் அது தென்காசி மாவட்டம்) பட்ட துயரத்தையும் நம்மவர் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். எத்தனையோ இல்லங்களில் காய்ச்சல். சில இல்லங்களில் ஜனாஸா. குடிநீரைப் பல நாள் சேமித்து வைக்க வேண்டிய ஊர்களில் தொட்டியும் குடமும் கொசுவுக்கு இடமாயின. இன்று அவற்றை மூடி வைக்கப் பழகி விட்டோம். சன்னலோரக் குவளையையும் தொட்டியடித் தட்டையும் மட்டும் நீர்த்தொட்டி என்று எவரும் எண்ணுவதில்லை.

நம் ஊர் வெப்பத்தில் முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக எட்டுப் பத்து நாள் போதும். எனவே குவளை நீரை மூன்று நாளுக்கொரு முறை கொட்டி, உட்சுவரை விரலால் அல்லது துணியால் நன்கு தேய்த்துக் கழுவி, புது நீர் நிரப்ப வேண்டும். தேய்ப்பது இன்றியமையாதது. ஏனெனில் ஏடிஸ் முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிக் கொண்டிருக்கும். உலர்ந்து மாதக்கணக்கில் கிடந்தாலும் மீண்டும் நீர் பட்டால் பொரிக்கும். குவளை வாயைப் பஞ்சாலோ வலைத்துணியாலோ மூடுவது இன்னும் நல்லது. இவ்வளவு பொறுப்பு ஏற்க இயலாதவர்கள் துண்டை நேரே ஈர மண்ணில் நட்டு விடுங்கள். கோலியஸ் அங்கும் தயங்காது வேர் விடும்.

இக்கொசு வெகுதொலைவு பறப்பதில்லை. சில நூறு மீட்டருக்குள்தான் அதன் உலா. அப்படியாயின் நம் குவளையில் பிறந்த கொசு யாரைக் கடிக்கும்? நம் பிள்ளையை, அல்லது சுவருக்கு அப்பால் உறங்கும் அண்டை வீட்டுப் பிள்ளையை. அண்டை வீட்டாருக்குச் சொத்தில் பங்கு கொடுத்து விடுவார்களோ என்று எண்ணும் அளவுக்கு ஜிப்ரீல் (அலை) அவர்கள் அவர்களின் உரிமையை நபிகளாரிடம் வலியுறுத்தியதாக ஹதீஸில் படித்திருக்கிறோம். அந்த உரிமையில் ஒரு குவளைத் தண்ணீரின் கணக்கும் அடங்கும்.

பூச்சியும் பூனையும்

கணுவிடுக்கில் வெண்பஞ்சு போல் தோன்றினால் அது மாவுப்பூச்சி. பஞ்சில் சோப்பு நீர் தோய்த்துத் துடைத்து எடுங்கள். இலையடியில் நுண்ணிய வலையும் மேற்பரப்பில் ஊசிப் புள்ளிகளும் தெரிந்தால் செஞ்சிலந்தி. காற்று வறண்ட காலத்தில் வரும். செடியை முற்றத்துக்கு எடுத்துச் சென்று இலையடியை நீரால் நன்கு கழுவ வேண்டும். இரண்டுக்கும் ஒரு லிட்டர் நீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம். சமைக்கும் இடத்தில் தெளித்தல் ஆகாது.

ஓர் எச்சரிக்கை. ஓமவல்லியும் கோலியஸும் ஒரே குலம் என்றதால் இரண்டும் மருந்து என்று கொண்டு விடாதீர்கள். ஓமவல்லி இலை தடித்து, மென்மயிர் போர்த்து, கசக்கினால் ஓம வாசம் வீசும். வண்ணக் கோலியஸுக்கு அவ்வாசம் இல்லை. அதன் இலையைப் பிள்ளைகளுக்குக் கசாயமாகக் கொடுத்தல் கூடாது. சிலருக்கு அதன் சாறு பட்டால் தோல் அரிக்கும். வீட்டில் வளரும் பூனை கடித்துத் தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஏற்படக் கூடும். ஆகவே தவழும் குழந்தைக்கும் தாவும் பூனைக்கும் எட்டாத உயரத்தில் வையுங்கள். இரண்டு செடியையும் அருகருகே வைக்காதிருப்பது, அவசரத்தில் கை தவறாமல் காக்கும்.

இரவில் செடி நச்சுக் காற்று விடும் என்று அஞ்சுவோரும் உளர். ஒரு தொட்டிச் செடி இரவில் விடும் கரியமில வாயு, அதே அறையில் உறங்கும் ஒருவர் விடுவதில் மிகச் சிறு பங்கே. வீட்டுச் செடி காற்றைத் தூய்மை செய்து விடும் என்ற விளம்பரத்தையும் அவ்வாறே அளவோடு கொள்ளுங்கள். 1989-இல் நாசா ஆய்வு மூடிய சிறு பெட்டிக்குள் நடந்தது. பல ஆய்வுகளை ஒப்பிட்டு 2019-இல் வெளியான கட்டுரை, வீட்டில் வைக்கும் சில செடிகளால் காற்றில் குறிப்பிடத்தக்க மாற்றம் வராது என்று காட்டியது. சன்னலைத் திறப்பதே காற்றுக்கு மருந்து.

பள்ளத்தாக்கின் பருவங்கள்

பங்குனி, சித்திரை வெயிலில் மேற்குச் சுவரிலிருந்து தொட்டியைத் தள்ளி வையுங்கள். நீரை நாள்தோறும் சோதியுங்கள். ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் விழும். சமவெளியிலோ மேல்காற்று வறண்டு வீசும். அக்காற்று நேரே படும் சன்னலில் வைத்தால் மெல்லிய இலை கிழிந்து காயும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மண் காயாது. நீரைப் பாதியாகக் குறையுங்கள். தையும் மாசியும் கிள்ளி நடுவதற்கு உகந்த இதமான காலம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையும் தாமிரபரணி வெள்ளமும் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் செய்த அழிவை நாடறியும். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அத்தகைய நாளில் காக்க வேண்டியவை மனித உயிர்களே. ஆயினும் வெள்ளம் வடிந்தபின் இல்லத்தை மீண்டும் தொடங்குகையில், வேறொரு தெருவில் உறவினரிடம் நாம் முன்பு கொடுத்து வைத்த ஒரு கிளை நமக்கே திரும்பி வரும். கொடுத்த செடிதான் காப்பாற்றப்பட்ட செடி. ஆகவே ஒவ்வொரு முறை கிள்ளும்போதும் ஒரு துண்டை வெளியே கொடுத்து விடுங்கள்.

அடைத்து வைத்த உயிரின் பொறுப்பு

முற்றத்துச் செடிக்கு மழை உண்டு, பனி உண்டு, மண்ணின் ஆழம் உண்டு. நாம் மறந்தாலும் அதன் ரிஸ்க் வேறு வழியில் வந்து சேரும். நான்கு சுவருக்குள் கொண்டு வந்த செடிக்கு நம் கையைத் தவிர வேறு மழை இல்லை. பூனையைக் கட்டி வைத்து, உணவும் தராமல் தானே தேடித் தின்னவும் விடாமல் மாய்த்த பெண்ணைப் பற்றிய நபிமொழியை நாம் அறிவோம். செடிக்கும் பூனைக்கும் வேறுபாடு உண்டு. எனினும் ஓர் உயிரை அடைத்து வைத்தவர் அதன் தேவைக்குப் பொறுப்பாவார் என்ற பாடம் சன்னலோரத் தொட்டிக்கும் பொருந்தும். பராமரிக்க இயலாதவர் வாங்காதிருப்பதும், பிறர் முற்றத்துக்குக் கொடுத்து விடுவதும் நன்மையே.

நம் தெருக்களில் வீட்டோடு நாட்களைக் கழிப்போர் பலர் உளர். பிள்ளைகள் வளைகுடாவிலும் சென்னையிலும் இருக்க, கட்டிலே உலகமாகிப் போன முதியவர்கள் உளர். கணவரை இழந்து நான்கு மாதம் பத்து நாள் இத்தாவில் இருக்கும் சகோதரிகள் உளர். அவர்களைக் காணச் செல்கையில் பழமும் ரொட்டியும் கொண்டு செல்கிறோம். அடுத்த முறை வேர் விட்ட ஒரு கோலியஸ் துண்டையும் சிறு தொட்டியில் வைத்துக் கொண்டு செல்லுங்கள். இத்தாவில் விலக்கப்பட்டவற்றுள் செடிக்கு நீர் வார்ப்பது இல்லை. துக்கத்தின் முதல் வாரத்தில் இரண்டு இலையோடு வந்த துண்டு, இத்தா நிறைவுறும் நாளில் தொட்டி நிறைந்த புதராக நிற்கும். அதன் இடையே கழிந்த ஒவ்வொரு காலையிலும், எழுந்து சென்று பார்ப்பதற்கு அவருக்கு ஒன்று இருந்திருக்கும். துயரை அது தீர்த்து விடாது. சன்னலைத் திறக்க ஒரு காரணம் தரும்.

கியாமத் நாள் வந்து விட்டாலும், கையில் கன்று இருந்து நட இயலுமாயின் நட்டு விடுமாறு நம் நபி (ஸல்) அவர்கள் போதித்ததாக இமாம் புகாரி தம் அல்அதபுல் முஃப்ரதில் பதிவு செய்துள்ளார்கள். நமக்கு முன் இருப்பதோ மிக எளிய பணி. இன்று அஸருக்கு முன் உங்கள் செடியைப் பாருங்கள். நிழல் விழும் இடத்தில் இருக்கிறதா? மண் ஈரமா, உலர்ந்ததா? தட்டில் நீர் தேங்கியிருக்கிறதா? இம்மூன்றையும் சரி செய்து விட்டு, ஒரு கொழுந்தைக் கிள்ளி, கொடுப்பதற்கு ஒருவரை நினையுங்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் ஓமவல்லியைத் தொட்டியில் வளர்க்கும் முறையைக் காண்போம். வஸ்ஸலாம்.